ஸ்கூல் யூனிஃபார்மில் காலேஜ் பாடம்: யாருக்கு வரம், யாருக்குச் சுமை?

ப்ளஸ் ஒன் முழுப் பரீட்சை முடிந்த கையோடு புதுச்சேரியின் பல வீடுகளில் அந்த போன் வந்துவிடும். அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மாவோ சித்தப்பாவோ பேசுவார்கள். "நம்ம பொண்ணு பதினொண்ணாவது படிக்கும்போதே ரெண்டு காலேஜ் கோர்ஸ் முடிச்சிட்டா. காலேஜ் போனதும் ஒரு செமஸ்டர் ஃபீஸ் மிச்சம். உங்க பையன் என்ன பண்றான்?" போனை வைத்ததும் முத்தியால்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ ஒரு பையன், கிரிக்கெட் பேட்டை மூலையில் சாத்திவிட்டு அப்பாவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

அங்கே நடப்பது உண்மைதான். அமெரிக்காவில் ஹைஸ்கூல் மாணவர்கள் பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜில் வகுப்புக்குப் போகலாம். அதில் வாங்கும் கிரெடிட் பள்ளிக் கணக்கிலும் சேரும், பல இடங்களில் பின்னால் கல்லூரிக் கணக்கிலும் சேரும். இதற்கு 'டூயல் என்ரோல்மென்ட்' என்று பெயர். 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்ற இன்னொரு முறையும் உண்டு. 1950-களின் நடுவிலிருந்து நடக்கிறது. கல்லூரித் தரப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, மே மாதம் பொதுத் தேர்வு எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்கும் முறை அது.

ஆனால் பெரியம்மா போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அங்கே அந்தப் படிப்புக்கு மதிப்புக் கொடுப்பது பாடம் மட்டும் அல்ல, கிரெடிட்டை இங்கிருந்து அங்கே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. அது இல்லாவிட்டால் ப்ளஸ் ஒன்னில் படிக்கும் கல்லூரிப் பாடம் வெறும் கூடுதல் பாடம்தான். நம் ஊரில் இந்த ஏற்பாடு எந்த அளவுக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் பிள்ளையின் கோடை விடுமுறையில் கை வைக்க வேண்டும்.

புதுச்சேரிக்கு இது புதிதா?

அதிகம் புதிதில்லை. தாத்தா பாட்டியிடம் கேட்டால் 'பி.யூ.சி' என்ற சொல் வரும். 11 வருடப் பள்ளிப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் கல்லூரியில் புகுமுக வகுப்பு. தமிழ்நாட்டில் 1978-ல் ப்ளஸ் டூ வந்த பிறகுதான் அந்த வயதுப் பிள்ளைகள் கல்லூரி வளாகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்கள். இன்றைய ப்ளஸ் டூ மாணவரின் வயதில் தாத்தா பேன்ட் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனவர். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டான ஏனாமுக்குப் பக்கத்தில், ஆந்திரப் பாடத்திட்டத்தில், பதினொன்றாம் வகுப்புக்கு இன்றைக்கும் 'இன்டர்' என்றுதான் பெயர். படிக்கிற இடத்துக்குப் பெயர் ஜூனியர் காலேஜ். எது பள்ளி, எது கல்லூரி என்பதை எல்லைக்கோடு மாதிரி யாரோ வரைந்ததுதான்.

1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இந்த ஊருக்கே உரிய இன்னொரு உதாரணம். பிரான்ஸ் பாடத்திட்டப்படி நடக்கும் பள்ளி அது. அந்தப் பாடத்திட்டத்தில் பொதுப் பிரிவு எடுத்தவர்கள் கடைசி வருடத்தில் தத்துவம் படித்தே ஆக வேண்டும். பக்கலோரியா தேர்வில் தத்துவத்துக்கு நான்கு மணி நேர எழுத்துத் தேர்வு. அறிவியல் பாடம் எடுத்த பிள்ளைக்கும் விலக்கு இல்லை. அதே வயதில், இரண்டு தெரு தள்ளி இன்னொரு பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தத்துவம் என்ற பாடம் கல்லூரிக்குப் போய், அதுவும் அந்தத் துறையைத் தேடிச் சேர்ந்தால்தான் கண்ணில் படும். அந்த வயதில் முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் லிசே வாசலில் ஒரு ஜூன் மாதம் நின்று பார்க்கலாம்.

இந்தி பிரச்சார சபா தேர்வுகளும் ஒரு விதத்தில் இதே கதைதான். பிராத்மிக்கில் ஆரம்பித்து, மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேஷிகா, விஷாரத் என்று ஏறி, பள்ளியை விட்டு வெளியே வருவதற்குள் பிரவீண் வரை முடித்தவர்கள் நம் தெருக்களிலேயே உண்டு. அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு கற்று, 'டெல்ஃப்' பி2 நிலை வரை போகும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிரெஞ்சில் நடத்தப்படும் பல பல்கலைக்கழகப் படிப்புகளுக்குக் கேட்கப்படும் மொழித் தகுதி அந்த பி2-தான். மாலை நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு டைப்ரைட்டிங் ஹையர் முடித்த தலைமுறையையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கு வெளியே, பள்ளியைவிட மேலான தரத்தில் ஒரு தேர்வு எழுதுவது நமக்குப் பழகிய விஷயம்.

ஐ.ஐ.டி திறந்த கதவு

இப்போது வீட்டுக்கு வீடு பேசப்படுவது சென்னை ஐ.ஐ.டி-யின் பி.எஸ் டேட்டா சயின்ஸ் படிப்பு. 2020 ஜூனில் தொடங்கியது. ஜே.இ.இ தேவையில்லை. ஆன்லைனில் பாடம், நேரில் தேர்வு. பிறகு எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பிரிவிலும் இதே மாதிரி ஒரு பி.எஸ் வந்தது. அதற்கு ப்ளஸ் டூவில் இயற்பியல் வேண்டும்.

பள்ளி மாணவர்களுக்கு முக்கியமான செய்தி இதுதான். ப்ளஸ் ஒன் ஆண்டுத் தேர்வை எழுதிவிட்டாலே டேட்டா சயின்ஸ் படிப்பின் தகுதிச் சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் தேறிவிட்டால், ப்ளஸ் டூ முடித்த பிறகு சேர்ந்துகொள்ள இடம் காத்திருக்கும். ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு சீட் கையில் இருக்கிறது என்ற நிம்மதியோடு பரீட்சை எழுதலாம்.

தகுதிச் சுற்று எப்படி இருக்கும்? நான்கு வாரம். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கம்ப்யூட்டேஷனல் திங்கிங் என நான்கு பாடங்கள். வாரா வாரம் வீடியோ, வாரா வாரம் அசைன்மென்ட். அசைன்மென்ட்டில் தேவையான மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மட்டும் நேரில் தேர்வு. கேள்விகள் அந்த நான்கு வாரப் பாடத்திலிருந்தே வரும். நடத்திய பாடத்திலிருந்தே கேட்கும் நுழைவுத் தேர்வு என்பதே இந்தியாவில் அபூர்வம். கோச்சிங் சென்டருக்கு லட்சம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நியாயமான ஓட்டப்பந்தயம் கிடைப்பது கஷ்டம்.

பாடமும் பயமுறுத்தும் ரகம் இல்லை. முதல் நான்கு வாரக் கணிதத்தில் கணங்கள், சார்புகள், நேர்கோடுகள், இருபடிச் சமன்பாடுகள், பல்லுறுப்புக் கோவைகள் வரும். ப்ளஸ் ஒன்னில் ஒழுங்காகப் படித்தவருக்கு இவை பழைய நண்பர்கள். கம்ப்யூட்டேஷனல் திங்கிங் பாடத்தில் கம்ப்யூட்டர் மொழி எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கட்டு மார்க் ஷீட் அட்டைகளையும், கடை பில்களையும் வைத்துக்கொண்டு, 'இதில் அதிக மார்க் வாங்கியவரை எப்படிக் கண்டுபிடிப்பாய், எத்தனை தடவை அட்டையைப் புரட்டுவாய்?' என்ற ரீதியில் தொடங்குவார்கள். மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்த அனுபவம் உள்ள பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.

கஷ்டம் நேரக் கணக்கில்தான். ஒரு பாடத்துக்கு வாரத்துக்குச் சுமார் 10 மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள். நான்கு பாடம் என்றால் 40 மணி நேரம். பள்ளி நடக்கும் மாதத்தில் இது நடக்காது. காலை 8 மணிக்குக் கிளம்பி, மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, டியூஷனும் போய்வந்து இரவு 9 மணிக்குச் சாப்பிட உட்காரும் பிள்ளைக்கு அந்த 40 மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படும். அதனால் இந்த ஆசை இருந்தால் அதற்கு ஏற்ற காலம் ப்ளஸ் ஒன் முடிந்து ப்ளஸ் டூ தொடங்கும் இடைவெளி. வருடத்துக்கு மூன்று பருவங்களாக இந்தப் படிப்பு நடக்கிறது. ஜனவரி, மே, செப்டம்பர். மே பருவத்தைக் குறிவைத்து விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம். விண்ணப்பத் தேதியும் விதியும் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், நண்பர் அனுப்பிய பழைய ஃபார்வேர்டை நம்பாமல் ஐ.ஐ.டி தளத்திலேயே பார்ப்பது நல்லது. தேர்வு மைய நகரங்களின் பட்டியலையும் அப்போதே பார்த்துவிடலாம். மையம் சென்னை என்றால் ஈ.சி.ஆரில் சுமார் 150 கிலோமீட்டர், கூட ஒருவர், ஒரு நாள் செலவு என்று கணக்குப் போட வேண்டும்.

இவ்வளவு வேண்டாம், சும்மா தொட்டுப் பார்க்கலாம் என்கிறவர்களுக்குச் சின்னப் படிகளும் உண்டு. 'ஸ்கூல் கனெக்ட்' என்ற பெயரில் சென்னை ஐ.ஐ.டி, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாணவர்களுக்காகவே 8 வாரச் சான்றிதழ் படிப்புகளை நடத்துகிறது. பங்குதாரராகச் சேரும் பள்ளிகள் வழியாக இது நடப்பதால், தனியாகப் பிள்ளை போய்ச் சேர முடியாது. பள்ளி முன்வர வேண்டும். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் 'ஏ.சி ஏன் ஓடவில்லை' என்று கேட்பதோடு இதையும் ஒருவர் எழுந்து கேட்கலாம்.

அப்புறம் என்பிடெல். ஐ.ஐ.டி-களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். பாடங்களைப் பார்க்கப் பணம் இல்லை. சான்றிதழ் தேவையென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி நேரில் எழுதலாம். 4, 8, 12 வாரப் பாடங்கள் உள்ளன. அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். வயது வரம்பு கிடையாது. பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பயந்து நிற்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு முதல் படியாக இதைச் சொல்லலாம்.

கிரெடிட் எங்கே சேரும்?

பெரியம்மா போனுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு 2021-ல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் வந்தது. 2023-ல் தேசிய கிரெடிட் வரைவுத் திட்டம் வந்தது. பள்ளிப் படிப்புக்கும் கிரெடிட் கணக்கு உண்டு, 30 மணி நேரப் படிப்புக்கு ஒரு கிரெடிட், வருடத்துக்கு 40 கிரெடிட் என்று அதில் எழுதியிருக்கிறது. கணக்குப் புத்தகம் திறந்தாகிவிட்டது. ஆனால், பள்ளியில் இருக்கும்போது படித்த கல்லூரிப் பாடத்தைப் பின்னால் பட்டப் படிப்பிலிருந்து கழித்துக்கொள்வது அமெரிக்கா மாதிரி இங்கே வழக்கத்துக்கு வரவில்லை. என்பிடெல் பாடங்களைக் கல்லூரிகள் கிரெடிட்டாக ஏற்பது, அந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கான ஏற்பாடு. ப்ளஸ் ஒன்னில் வாங்கிய சான்றிதழைக் காட்டி இரண்டு வருடம் கழித்து ஒரு பேப்பரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுச் சேரக் கூடாது. ஐ.ஐ.டி பி.எஸ் தகுதிச் சுற்றிலும் கிடைப்பது சேர்க்கை உரிமைதான், படிப்பில் தள்ளுபடி இல்லை.

எனவே இங்கே இதைச் செய்வதற்கு இரண்டே நியாயமான காரணங்கள். ஒன்று, அந்தப் பாடத்தின்மேல் பிள்ளைக்கு நிஜமான ஆசை. மற்றொன்று, ஒரு சீட்டை முன்கூட்டியே பிடித்து வைப்பது. 'ரெஸ்யூமேவில் போட்டுக்கொள்ளலாம்' என்பது மூன்றாவது காரணமாகச் சொல்லப்படும். 16 வயதில் ரெஸ்யூமே எதற்கு?

கும்பகோணத்து எச்சரிக்கை

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படித்த தமிழர்களில் உலகம் அறிந்தவர் கணித மேதை ராமானுஜன். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கணக்குக் கற்று, சில காலத்தில் அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் தாண்டிவிட்டார். லோனியின் திரிகோணமிதி புத்தகத்தைப் பதின்மூன்று வயதுக்குள் முடித்தார். 1903-ல் கார் எழுதிய சூத்திரத் தொகுப்பு கைக்கு வந்தது. அதற்கப்புறம் அவருக்குக் கணக்கைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. 1904-ல் கணிதப் பரிசோடு பள்ளியை முடித்து, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். மற்றப் பாடங்களில் தோற்றதால் அந்த உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1906-லும் 1907-லும் எஃப்.ஏ தேர்வில் தோல்வி. பட்டமில்லாமலேயே வறுமையில் அலைந்தார்.

அவர் ராமானுஜன் என்பதால் கேம்பிரிட்ஜ் தேடி அழைத்தது. எல்லாப் பிள்ளைகளையும் தேடி ஹார்டி வரமாட்டார். அதே காலத்தில், 1903-ல், 14 வயதில் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்த சி.வி.ராமன் மறு வருடமே பி.ஏ-வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் வாங்கினார். இருவருக்கும் அறிவில் குறைவில்லை. ஒருவர் தேர்வு முறைக்குள் இருந்துகொண்டே வேகமாகப் போனார், மற்றவர் அதைவிட்டு வெளியேறிப் போனார். அவ்வளவுதான் வித்தியாசம். (இன்று 14 வயதில் ராமன் வந்து நின்றால் கல்லூரி வாசலிலேயே வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடும். நீட் எழுதவே 17 வயது நிறைய வேண்டும்!)

இது புதுச்சேரிப் பெற்றோருக்கு வெறும் கதை இல்லை. சென்டாக் வழியாக இன்ஜினீயரிங் சீட் போடுவது ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். கணிதம், இயற்பியல், வேதியியலில் விட்ட மதிப்பெண், புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கதவுவரை போய் நிற்க வைத்துவிடும். அதற்கு மேல், அரசுப் பள்ளிகள் 2023-24-ல் சி.பி.எஸ்.இ-க்கு மாறத் தொடங்கின. 2025-ல்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதன்முறையாக சி.பி.எஸ்.இ பொதுத் தேர்வு எழுதினார்கள். புதுப் பாடத்திட்டம், புதுக் கேள்வி முறை, பல பிள்ளைகளுக்குப் புதிதாக ஆங்கிலப் புத்தகம். அந்தச் சுமையோடு மல்லுக்கட்டும் பிள்ளையின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதற்கு முன், காலாண்டு மார்க் ஷீட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடலாம். அங்கே ஏற்கெனவே தடுமாறுகிறது என்றால் ஐ.ஐ.டி ஒரு வருடம் காத்திருக்கும். பி.எஸ் படிப்புக்கு வயது வரம்பு இல்லை. ப்ளஸ் டூ முடித்தும் சேரலாம், வேறு கல்லூரியில் பி.காம் படித்துக்கொண்டே சேரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-லேயே யு.ஜி.சி அனுமதித்துவிட்டது.

யாரும் கணக்கில் எடுக்காத இன்னொரு வழி லாஸ்பேட்டையிலேயே இருக்கிறது. மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக். பத்தாவது முடித்து 15 வயதில் நேராகக் கல்லூரி வளாகம். மூன்று வருட டிப்ளமோ, அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் பி.இ இரண்டாம் ஆண்டு. 21 வயதில் இன்ஜினீயர். ப்ளஸ் டூ வழியாகப் போனவரும் அதே 21 வயதில்தான் பட்டம் வாங்குவார். ஆனால் பாலிடெக்னிக் பிள்ளையின் கையில் லேத், வெல்டிங், மோட்டார் வைண்டிங் பழக்கமும், 18 வயதிலேயே வேலைக்குப் போகும் தகுதியும் இருக்கும். 'மார்க் குறைந்தவர்கள் போகிற இடம்' என்று சொந்தக்காரர்கள் சொல்வதால் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பள்ளி வயதில் கல்லூரிப் படிப்பு என்பதற்கு நம் ஊரில் இருக்கும் மிக உறுதியான வடிவம் அதுதான்.

மாறாக, பெற்றோர் பணத்தைக் கொட்டும் இடம் வேறாக இருக்கிறது. 'ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ஏ.ஐ டிப்ளமோ' என்று போன் செய்வார்கள். இன்று இரவுக்குள் சேர்ந்தால் பாதி விலை, மீதிக்கு இ.எம்.ஐ என்பார்கள். அந்த நேரத்தில் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். டிப்ளமோ எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில்? அதற்கு யு.ஜி.சி அங்கீகாரம் உண்டா? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி தன் தளத்திலேயே வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் ஒரு புதுச்சேரி முகவரியும் இடம்பெற்றிருக்கிறது.

பணம் குறைவான வீடுகளுக்கு பி.எஸ் படிப்பில் கட்டணச் சலுகை உண்டு. குடும்ப வருமானத்தையும் சாதிப் பிரிவையும் பொறுத்து முக்கால் பங்கு வரை குறையும். ஆனால் அதற்கு வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் விண்ணப்பிக்கும்போதே கையில் இருக்க வேண்டும். மே, ஜூனில் சென்டாக் விண்ணப்பத்துக்காக ஊரே தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கும். ப்ளஸ் ஒன் அரையாண்டு விடுமுறையில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும்.